டன்ஜன் கீப்பரில் நிலம் பிடிப்பதும் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்ஃபிராக் 1997இல் உருவாக்கிய டன்ஜன் கீப்பர் என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணுக்கடியில் தோண்டி, அறைகள் கட்டி, ஜீவன்களைச் சேர்த்து எதிரிகளோடு மோதுவதுதான் ஆட்டம்; அதை நடத்தும் ஆட்டக்காரரே கீப்பர். ரசிகர்கள் இலவசமாகப் பராமரிக்கும் கீப்பர்எஃப்எக்ஸ் என்ற அதன் பதிப்பு அதற்கு முக்கியக் காரணம். சிங்கப்பூரில் புதிதாக ஆடத் தொடங்கும் தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நிலத்தைப் பற்றித்தான்: ஏன் பிடிக்க முடியவில்லை, பிடித்தது ஏன் நிற்கவில்லை. அவற்றுக்கான பதில்கள் இங்கே. தனியாகக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம் முதல் பாகத்தையே சொல்கிறோம்.

ஆட என்ன வேண்டும்? எங்கே வாங்குவது?

கீப்பர்எஃப்எக்ஸ் இலவசம்தான், ஆனால் அது தனியாக ஓடாது. மூல விளையாட்டின் கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும். நிறுவும்போது அந்தக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கும். காட்டினால் தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஜிஓஜி இணையக் கடையில் கிடைக்கும் டன்ஜன் கீப்பர் கோல்டு போதும். அதில் முதல் விளையாட்டோடு அதன் துணைத் தொகுப்பான டீப்பர் டன்ஜன்ஸும் சேர்ந்து வரும்.

சிங்கப்பூரிலிருந்து இணையத்தில் வாங்குபவர்கள் விலையைப் பார்க்கும்போது வரியையும் கணக்கில் வையுங்கள். 2020 ஜனவரி முதல், இங்கே பதிவுசெய்துள்ள வெளிநாட்டு மின்னிலக்க விற்பனையாளர்களும் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. அந்தக் காலத்தில் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய குறுந்தட்டு அலமாரியில் கிடந்தால் காசு செலவே இல்லை. இப்போதைய மடிக்கணினிகளில் தட்டு போட இடம் இருக்காது. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, கோப்புகளை ஒருமுறை நகலெடுத்துக்கொண்டால் போதும்.

தோண்டிய இடமெல்லாம் எனக்குச் சொந்தமாகாதா?

ஆகாது. முதல் குழப்பமே இங்குதான். வரைபடம் 85×85 கட்டங்கள். ஒரு கட்டத்து மண்ணை இம்ப் (உங்களுக்காகத் தோண்டும் குட்டி வேலையாள்) தோண்டி முடித்ததும் அங்கே வெறும் பாதைதான் இருக்கும். அது யாருக்கும் சொந்தமில்லை. பிறகு ஓர் இம்ப் அந்தக் கட்டத்தில் நின்று வேலை செய்யும். தரை மாறி, நடுவில் உங்கள் நிறச் சின்னம் தெரியும். அப்போதுதான் அது உங்கள் நிலம். கீப்பர்களின் நிறங்கள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஹீரோக்களுக்கு வெள்ளை. சிறு வரைபடத்தில் பழுப்பாக நீளும் பாதைகளைப் பார்த்துவிட்டு 'இவ்வளவு பிடித்துவிட்டேன்' என்று நினைக்காதீர்கள். உங்கள் நிறம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் உங்களுடையது.

நிலம் பிடிப்பதால் என்ன பயன்? தங்கத்தைத் தோண்டிக்கொண்டே இருந்தால் போதாதா?

அறை கட்டுவது, கதவு மாட்டுவது, பொறி வைப்பது எல்லாம் சொந்தக் கட்டத்தில் மட்டும்தான் முடியும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கையில் (திரையில் உங்கள் சுட்டி) தூக்கிய சண்டை ஜீவனைச் சொந்த நிலத்தில் மட்டுமே கீழே விட முடியும். கை ஒரே நேரத்தில் 8 பேரைத் தூக்கும். எதிரியின் வாசல்வரை உங்கள் நிலம் இருந்தால் அந்த 8 பேரையும் அங்கேயே இறக்கிவிடலாம். இல்லையென்றால் அவர்கள் பாதி வரைபடத்தை நடந்தே கடக்க வேண்டும். அதற்குள் சண்டை முடிந்திருக்கும். நிலம் என்றால் தூரத்தைக் குறைப்பது. முதல் பாகத்தில் அதன் மதிப்பில் பாதி இதுவே.

ஒரு கட்டத்தைப் பிடிக்க என்ன நிபந்தனை?

அந்தக் கட்டத்தின் நான்கு பக்கங்களில் ஏதாவது ஒன்றில் உங்களுக்குச் சொந்தமான கட்டம் இருக்க வேண்டும். மூலையோடு மூலை தொட்டால் அது கணக்கில் சேராது. எதிரியின் நிலத்துக்கும் இதே விதிதான். நடுக்காட்டில் தனித்தீவாக ஒரு கட்டத்தைப் பிடிக்க முடியாது. சங்கிலி எங்கோ ஒரு கட்டத்தில் அறுந்திருந்தால் அதற்கு அப்பால் ஒன்றும் நடக்காது.

பாதை திறந்திருக்கிறது, இம்ப்கள் சும்மா நிற்கின்றன, ஆனாலும் நிலத்தைப் பிடிக்கவில்லை. ஏன்?

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சங்கிலி. பாதையின் தொடக்கத்திலிருந்து கட்டம் கட்டமாகப் பாருங்கள். நடுவில் ஒரு கட்டம் தண்ணீராக இருக்கலாம். இம்ப் தண்ணீரில் நடக்கும், ஆனால் தண்ணீரைப் பிடிக்க முடியாது. அதனால் இம்ப் அக்கரைக்குப் போய்வருவதைப் பார்த்துவிட்டு 'போகிறதே, பிறகு ஏன் பிடிக்கவில்லை' என்று குழம்புவது சகஜம். இரண்டாவது, பூட்டிய கதவு. கதவைப் பூட்டினால் உங்கள் ஆட்களும் போக முடியாது, இம்பும்தான். மூன்றாவது, எதிரி அருகில் இருக்கிறான். எதிரியின் ஜீவன் கண்ணில் பட்டால் இம்ப் வேலையைப் போட்டுவிட்டு ஓடும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும், மறுபடி ஓடும். இப்படிப் போய்வந்துகொண்டே இருக்கும் இம்ப் ஒரு கட்டத்தைக்கூட முடிக்காது. அங்கே ஒரு சண்டைக்காரனை இறக்குவதுதான் மருந்து.

இவை மூன்றும் இல்லையென்றால் வேலை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் நாலு திசையில் தோண்டக் குறி போட்டால் இம்ப்கள் சிதறிவிடும். தேவையில்லாத குறிகளை நீக்குங்கள். இரண்டு மூன்று இம்ப்களைக் கையில் எடுத்து, வேலை நடக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள். பொதுவாக, விட்ட இடத்தில் இருக்கும் வேலையைத்தான் அவை முதலில் பிடிக்கும். அறைந்தால் வேகம் கூடும், உயிர் குறையும். அவசரத்துக்கு ஒரு அறை சரி. அதையே பழக்கமாக்கிக்கொள்வது வீண்.

எத்தனை இம்ப் வைத்துக்கொள்வது?

பல வரைபடங்களில் 4 இம்ப்களோடு தொடங்குவீர்கள். எதிரி கீப்பர் உள்ள வரைபடமென்றால் சீக்கிரமே 8 ஆக்குங்கள். 10, 12க்கு மேல் போகும் முன் யோசியுங்கள். ஒவ்வொரு புது இம்பும் முந்தையதைவிட விலை கூடிக்கொண்டே போகும். அதே தங்கத்தில் இருக்கும் இம்ப்களைப் பயிற்சி அறையில் போட்டு நிலையை உயர்த்துவது பல சமயம் மேல். நிலை உயர்ந்த இம்ப் வேகமாகத் தோண்டும், எதிரியின் ஒரு அடியில் சாகாது. கோயில் கட்டியிருந்தால் அங்கே இம்பைப் பலி கொடுத்தால் அடுத்த இம்பின் விலை குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சுவரைப் பலப்படுத்துவது எப்படி நடக்கிறது? அதற்குத் தனிக் கட்டளை உண்டா?

கட்டளை இல்லை. உங்கள் கட்டத்தில் நின்றுகொண்டு, எதிரே உள்ள மண் கட்டத்தை இம்ப் தானாகவே செங்கல் சுவராக மாற்றும். தரை சொந்தமாகும்வரை அதன் பக்கத்துச் சுவர் பலப்படாது. தோண்டவும் நிலம் பிடிக்கவும் வேலை குவிந்திருக்கும்போது சுவர் வேலை பின்னால் தள்ளிப்போகும். விளையாட்டின் ஆரம்பத்தில் பலர் தோற்பது இதனால்தான். தங்கம் கண்ட இடத்திலெல்லாம் குறி போட்டுக்கொண்டே போவார்கள். எதிரி எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஒரு சுவர்கூட நின்றிருக்காது.

பலப்பட்ட சுவரை எதிரியின் இம்ப்கள் தோண்டி உடைக்க முடியாது. அதை உடைக்க டிஸ்ட்ராய் வால்ஸ் என்ற மந்திரம் வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மந்திரத்தின் பலம் கூடும், தங்கச் செலவும் கூடும். அதனால் எதிரி அந்த மந்திரத்தைக் கற்கும்வரை நல்ல சுவர் என்பது முழுப் பாதுகாப்பு. கற்ற பிறகு, சுவர் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

உங்கள் சுவரை நீங்களே தோண்டலாம். வெறும் மண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். 'பிறகு இந்தப் பக்கம் அறையை நீட்டுவோம்' என்று திட்டம் இருந்தால், சுவர் எழும்பும் முன்னரே தோண்டிவிடுங்கள்.

இன்னொன்று: சுவர் தன்னால் நிற்பதில்லை, அதற்கு முன்னால் இருக்கும் தரைக் கட்டம் உங்களுடையதாக இருப்பதால் நிற்கிறது. அந்தத் தரையை எதிரி பிடித்துவிட்டு, சுவரைத் தொடும் வேறு நிலம் உங்களுக்கு இல்லையென்றால் சுவரின் பலமும் போய்விடும். எதிரி உள்ளே வந்த பிறகு 'சுவர் இருக்கிறதே' என்று ஆறுதல்பட ஒன்றுமில்லை.

எல்லாச் சுவரும் செங்கல்தான். ஆனாலும் எதிரி உள்ளே வந்துவிட்டான். எங்கே ஓட்டை?

பத்தில் ஒன்பது முறை தங்கம்தான் ஓட்டை. தங்கக் கட்டத்தைப் பலப்படுத்த முடியாது. உங்கள் தரையை ஒட்டி ஒரு தங்கக் கட்டம் பாதி தோண்டியபடி நின்றால், மறுபக்கத்திலிருந்து எதிரி அதைத் தோண்டிக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்குள் வருவான், போகிற போக்கில் தங்கத்தையும் எடுத்துக்கொள்வான். ஆகவே தங்கப் படிவத்தை அரைகுறையாக விடாதீர்கள். ஒன்று, முழுவதும் தோண்டி, தரையைப் பிடித்து, அதற்கு அப்பால் உள்ள மண்ணைச் சுவராக்குங்கள். இல்லையென்றால் தங்கத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வரிசை மண்ணை விட்டு, அந்த மண் சுவராகும்வரை தங்கத்தைத் தொடாதீர்கள்.

மீதி ஒரு முறை தண்ணீர் அல்லது லாவா. அந்தப் பக்கம் சுவரே கிடையாது, திறந்த வெளி. தண்ணீரில் எல்லோரும் நடந்து வருவார்கள். லாவா பலரைத் தடுக்கும், எல்லோரையும் அல்ல. ஃபிளையும் கோஸ்டும் பறந்து கடக்கும். டிராகனும் டீமன் ஸ்பானும் லாவாவில் நடக்கும். தண்ணீரோரமாகக் கருவூலம் கட்டுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளவும்.

மூலையில் இருக்கும் மண் பலப்படவே இல்லையே?

கவலை வேண்டாம். அறையின் மூலைக்கு எதிரே குறுக்காக இருக்கும் மண்ணை எதிரி தோண்டினாலும் அங்கிருந்து உங்கள் தரைக்குள் வர முடியாது. இரு பக்கமும் உங்கள் செங்கல் சுவர்தான் நிற்கும்.

நீளமான ஒற்றைப் பாதை நல்லதா, அகலமாகப் பிடிப்பது நல்லதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கட்டம் அகலம், 10 கட்டம் நீளமுள்ள பாதைக்கு 10 தரைக் கட்டங்கள். ஆனால் இரு பக்கமும் சேர்த்துச் சுவர் 20. அதே 20 சுவரில் 5×5 அறை ஒன்றையே மூடிவிடலாம். அங்கே தரை 25 கட்டங்கள். ஒற்றைப் பாதையில் இம்பின் உழைப்பில் பெரும்பகுதி சுவருக்கே போய்விடும்.

ஒற்றைப் பாதை வேண்டிய இடங்களும் உண்டு. எதிரியை நோக்கிப் போகும் பாதை ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே கதவில் அடைக்கலாம். போர்ட்டலுக்கு (புது ஜீவன்கள் வரும் வாசல்) அவசரமாகப் போகவும் ஒற்றைப் பாதையே சரி. ஆனால் தங்கத்தைத் தேடி நாலு பக்கமும் ஒற்றைப் பாதைகளை நீட்டுவது அகலக்கால் வைப்பதுதான். ஒவ்வொரு பாதையும் எதிரிக்கு இரு பக்கமும் கதவு திறந்து வைத்த மாதிரி. தூரத்துத் தங்கம் தீர்ந்துவிட்டால், அந்தப் பாதையின் கழுத்தில் ஒரு கதவைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். அப்பால் இருக்கும் நிலம் போனால் போகட்டும்.

கதவுக்கு ஒரு நிபந்தனை: அது நிற்கும் கட்டம் உங்களுடையதாகவும், இரு எதிர்ப் பக்கங்களிலும் சுவர் இருக்கும்படியும் அமைய வேண்டும். மூன்று கட்டம் அகலமான பாதையில் கதவு மாட்ட இடமே கிடைக்காது.

தண்ணீரையும் லாவாவையும் தாண்டி நிலம் பிடிப்பது எப்படி?

பாலம். ஒரு கட்டத்துக்கு 30 தங்கம். உங்கள் நிலத்தை ஒட்டித் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாக நீட்ட வேண்டும். பாலம் போட்ட கட்டம் உடனே உங்களுடையது. இம்ப் வந்து வேலை செய்யத் தேவையில்லை. கடலில் மண் கொட்டி ஊரையே நீட்டியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 8 கட்டம் அகலமான லாவாவைக் கடக்க 240 தங்கம். அக்கரையில் ஒரு சிறு தங்கப் படிவத்துக்காக 20 கட்டம் பாலம் போடுவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். அங்கே போர்ட்டலோ ஜெம்மோ (தோண்டத் தோண்டத் தீராத ரத்தினக் கட்டம்) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள்.

பாலத்தில் ஒரே சிக்கல், எதிரியும் அதைப் பிடிக்கலாம். உங்கள் பாலம் அக்கரையைத் தொட்ட அந்த நொடியே அவனுக்கும் வழி திறந்துவிடுகிறது. ஆகவே கடைசி ஒரு கட்டத்தைப் போடாமல் வைத்திருங்கள். படை தயாரானதும் போடுங்கள். எதிரி பாலத்தில் ஏறிவிட்டால், பாலம் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே நடுக் கட்டத்தை விற்றுவிடுங்கள். கீழே லாவா என்றால் அதில் நிற்பவர்கள் வெந்துபோவார்கள். உங்கள் ஆட்களும் அங்கே நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு விற்கவும்.

போர்ட்டலை எப்படிக் கைப்பற்றுவது?

போர்ட்டல் 3×3. அதை ஒட்டிய கட்டம்வரை உங்கள் நிலம் போனால், இம்ப் அதையும் பிடிக்கும். யார் பிடித்திருக்கிறாரோ அவருக்குத்தான் புது ஜீவன்கள் வரும். போர்ட்டலை இழந்தால் இருப்பவர்கள் ஓடிவிட மாட்டார்கள். புதிதாக யாரும் வராமல் போவார்கள், அவ்வளவுதான். ஆனால் நீண்ட ஆட்டத்தில் அதுவே தோல்வி.

பிடித்தவுடன் சுற்றிலும் தோண்டித் திறந்துவிடாதீர்கள். போர்ட்டலைச் சுற்றி ஒரு வளையம் தோண்டினால் 16 கட்டம், அதற்கு வெளியே 20 சுவர். இம்ப்களுக்கு அத்தனையும் கூடுதல் வேலை. ஒரே பக்கம் வழி விட்டு, மீதிப் பக்கங்களில் சுவர் செங்கலாகிவிட்டதா என்று கேமராவைச் சுழற்றிப் பாருங்கள். வெறும் மண்ணாகவே நிற்கும் பக்கம் இருந்தால் அங்கே ஓர் இம்பை விட்டுக் கவனியுங்கள்.

எதிரி இம்ப்கள் என் எல்லையைக் கட்டம் கட்டமாகத் தின்கின்றன. நானும் திரும்பப் பிடிக்கிறேன். முடிவே இல்லை.

இம்புக்கு இம்ப் போட்டி போட்டால் முடிவு வராது. ஒரே கட்டம் சிவப்பாகி நீலமாகி மறுபடி சிவப்பாகும். இரண்டு பக்கத்திலும் நேரம்தான் போகும். எல்லையில் யாருடைய சண்டைக்காரன் நிற்கிறான் என்பதே தீர்ப்பு. அந்த இடத்தில் இன்னும் உங்களுடையதாக இருக்கும் ஒரு கட்டத்தில் நல்ல சண்டைக்காரர் ஒருவரை இறக்குங்கள். எதிரி இம்ப்கள் சாகும் அல்லது ஓடும். அந்த இடைவெளியில் உங்கள் இம்ப்கள் மூன்று நான்கு கட்டம் முன்னேறிவிடும். அதன் பிறகு அங்கே ஒரு கார்டு போஸ்ட் (காவல் அறை) கட்டுங்கள். கட்டத்துக்கு 50 தங்கம். இரண்டு மூன்று கட்டமே போதும். அங்கே விட்ட ஜீவன்கள் காவலுக்கு நிற்கும். இல்லையென்றால் சண்டை முடிந்ததும் சாப்பிடவும் தூங்கவும் உள்ளே நடந்துவிடும், எல்லை மறுபடி காலியாகும்.

என் அறையை எதிரி பிடிக்கத் தொடங்கிவிட்டான். என்ன செய்யலாம்?

அறை கட்டம் கட்டமாகப் போகாது. இம்ப் அடிக்க அடிக்க அறையின் பலம் குறையும். தீர்ந்ததும் அறை மொத்தமும் ஒரேயடியாக எதிரியின் நிறத்துக்கு மாறும். பெரிய அறைக்கு அதிக நேரம் பிடிக்கும், ஆனால் போனால் முழுதாகப் போகும். கருவூலம் என்றால் உள்ளே இருக்கும் தங்கமும் சேர்ந்து போகும்.

காப்பாற்ற ஆள் வருவார் என்றால் காத்திருங்கள். வரமாட்டார் என்றால் விற்றுவிடுங்கள். விற்றால் கட்டிய விலையில் பாதி திரும்பி வரும். 5×5 பயிற்சி அறைக்குக் கட்டத்துக்கு 150 வீதம் 3,750 தங்கம் செலவழித்திருப்பீர்கள். விற்றால் 1,875 கையில். நஷ்டம்தான். ஆனால் எதிரிக்கு இலவசமாக ஒரு பயிற்சி அறையைக் கொடுப்பதைவிட நல்லது.

இதற்கு இடையில் ஒரு வழியும் இருக்கிறது, இதைத்தான் பலர் பயன்படுத்துவதில்லை. அறையைப் பிளந்துவிடுவது. எதிரி நிற்கும் பக்கத்திலிருந்து இரண்டாவது வரிசையை மட்டும் விற்றால், அறை இரண்டு தனி அறைகளாகிவிடும். முன்வரிசை மட்டும் எதிரிக்குப் போகும், பின்னால் உள்ள மூன்று வரிசைகளும் தப்பும். விற்ற வரிசை உங்கள் தரையாகவே இருக்கும். அங்கே ஆட்களை இறக்கிச் சண்டை போடலாம்.

எதிரியின் நிலத்தைப் பிடித்து முன்னேற நல்ல வழி?

ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். முதலில் சைட் ஆஃப் ஈவில் மந்திரத்தால் எதிரியின் பகுதியை ஒரு முறை பாருங்கள். அவனுடைய சுவர் எங்கே செங்கல், எங்கே வெறும் மண், எங்கே தங்கம் என்று தெரியும். உங்களுக்கு ஓட்டையாக இருந்த தங்கம் அவனுக்கும் ஓட்டைதான்; பெரும்பாலும் கணினி கீப்பர் அதை அடைப்பதில்லை. அந்த இடத்தை நோக்கி ஒற்றைப் பாதை தோண்டி, கடைசி ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவையுங்கள். அதுவரை உள்ள தரையைப் பிடித்து, சுவர் எழுப்பி, பின்னால் ஒரு கதவு.

பிறகு கடைசிக் கட்டத்துக்குக் குறி போட்டுவிட்டு, படையைக் கையில் எடுத்துத் தயாராக இருங்கள். திறந்ததும் இறக்குங்கள். முதலில் எதிரியின் சண்டைக்காரர்களை முடித்துவிட்டு, அதன் பிறகுதான் இம்ப்களை அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் இம்ப்கள் சாகும், புது இம்ப்களுக்குத் தங்கம் செலவாகும், பிடித்த நிலமும் நிற்காது.

உங்கள் ஜீவன்களைக் கொடி நட்ட இடத்துக்கு அழைக்கும் கால் டு ஆர்ம்ஸ் மந்திரத்துக்குச் சொந்த நிலம் தேவையில்லை, எதிரி வீட்டு நடுவிலும் கொடி நடலாம். ஆனால் கொடி நிற்கும்வரை தங்கம் கரையும். டன்ஜன் முழுவதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடும். வேகமான ஆட்கள் முன்னும் மெதுவானவர்கள் பின்னுமாகச் சிதறிப் போய்ச் சேர்வார்கள். கையில் தூக்கி இறக்க முடிகிற தூரத்தில் நிலம் இருந்தால் அதையே செய்யுங்கள்.

எதிரியின் ஹார்ட்டை (அவனுடைய டன்ஜனின் இதயம்; அது உடைந்தால் அவன் தோற்றான்) பிடிக்க முடியாது. அடித்துத்தான் உடைக்க வேண்டும். போகிற வழியில் போர்ட்டலையும் கருவூலத்தையும் முதலில் பிடியுங்கள். சண்டை இழுத்தாலும் எதிரிக்குப் புது ஆளும் வராது, சம்பளம் கொடுக்கக் காசும் இருக்காது.

ஜெம் கட்டம் யாருக்குச் சொந்தம்?

யாருக்கும் இல்லை. அது தீராது, தோண்டி அகற்றவும் முடியாது. எட்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஜெம்மைப் பிடிப்பது என்றால் அதைச் சுற்றியுள்ள தரையைப் பிடிப்பது. எதிரி எட்டக்கூடிய பக்கத்தில் மண்ணைச் சுவராக்கிவிட்டு, உங்கள் பக்கத்தில் பக்கத்திலேயே ஒரு சிறு கருவூலம் கட்டுங்கள். ஒரு கட்டத்துக்கு 50 தங்கம். இம்ப் நடக்கும் தூரம் குறைந்தால் வருமானம் கூடும்.

இரண்டாம் பாகத்திலும் இதே விதிகளா?

1999இல் வந்த டன்ஜன் கீப்பர் 2இல் அடிப்படை இதுவே. மாறுவது மானா என்ற மந்திர சக்தி. அங்கே மந்திரங்களுக்குத் தங்கம் அல்ல, மானா செலவாகும். பிடித்த நிலம் மானா தரும், இம்ப்களும் பொறிகளும் அதைக் குடிக்கும். அதனால் வெற்றுத் தரையைப் பிடிப்பதற்கே அங்கே ஒரு லாபம் உண்டு, இம்ப்களை அளவில்லாமல் பெருக்குவதற்குத் தண்டனையும் உண்டு. மரப்பாலம் லாவாமேல் எரிந்துபோகும், கற்பாலம்தான் நிற்கும். இறக்கிய ஜீவன்கள் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதால் எதிரியின் மூக்குக்கு நேரே இறக்கக் கூடாது; இரண்டு மூன்று கட்டம் பின்னால் இறக்கவும். சுவரை உடைக்க அங்கே ட்ரெமர் மந்திரம்.

2015இல் வெளிவந்த வார் ஃபார் தி ஓவர்வேர்ல்டும் இதே குடும்பம்தான். அதில் ஷிரைன்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்தவருக்குத் தனிப் பலன். வரைபடத்தில் ஷிரைன் தெரிந்தால் உங்கள் முதல் ஒற்றைப் பாதை அதை நோக்கியே போகட்டும்.

நண்பர்களோடு ஆடும்போது நிலம் பிடிப்பதில் ஏதாவது மாற்றம் உண்டா?

விதி மாறாது, வேகம் மாறும். 4 பேர்வரை ஆடலாம். எல்லோருடைய கணினியும் ஒரே அடியில் நகர வேண்டும் என்பதால், ஒருவருடைய இணைப்பு மெதுவானால் எல்லோருக்கும் ஆட்டம் திணறும். ஒரே வீட்டில் ஒரே வைஃபையில் நான்கு பேர் அமர்வதைவிடக் கேபிள் போடுவது மேல். சென்னையில் இருக்கும் உறவினரோடு ஆடினால் சொடுக்குக்கும் செயலுக்கும் நடுவே தாமதம் தெரியும். பாலத்தை விற்பது, அறையைப் பிளப்பது போன்ற நொடிக்கணக்கு வேலைகளை ஒரு மூச்சு முன்னதாகவே செய்யப் பழகுங்கள். நமக்கு இரவு 10 மணி என்றால் அங்கே 7.30தான். அவர்கள் வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரம் அது. இங்கே நள்ளிரவுக்கு மேல் தொடங்கினால் ஆட்டம் சீராகப் போக வாய்ப்பு அதிகம். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரிடமும் கீப்பர்எஃப்எக்ஸின் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பதிப்பு வேறுபட்டால் ஆட்டமே ஒத்துப்போகாது.